கேள்வி தப்பு

செப்டம்பர் 1, 2021, புதன்

மாதாவே, இந்த நோட்டையும் நீரே பார்த்துக்கொள்ளும்.

ஆக்சிஜன்: காலை 94, மாலை 93.

பழைய நோட்டு நேற்றோடு தீர்ந்தது. மே மாதத்திலிருந்து அதில் பெரும்பாலும் இந்த நம்பர்கள்தான். என் வீட்டுக்காரரைக் கொரோனாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். விரலில் மாட்டும் மிஷினைக் காலையில் காப்பிக்குப் பிறகும், சாயங்காலம் கோவில் மணி அடித்த பிறகும் மாட்டிப் பார்க்கிறேன். "இன்னொரு தடவை வந்தா இந்த நுரையீரல் தாங்காதும்மா" என்று டாக்டர் சொன்னதைப் பழைய நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். இதிலும் ஒரு தடவை எழுதிவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து இன்று பள்ளிக்கூடம் திறந்தது. என் மகள் ஜெனோவா பத்தாவது. சுற்றறிக்கையில் 'முகக்கவசம் கட்டாயம்' என்று போட்டிருக்கிறது. பருத்தித் துணியில் மூன்று மடிப்பு வைத்து பன்னிரண்டு தைத்தேன். ஓரத்தில் நீல நூலில் 'ஜெ'. ஆறு உபயோகத்தில், ஆறு கொடியில். வந்ததும் குளியல். மாஸ்க் வெந்நீரில். அப்புறம்தான் ஹாலுக்குள் வர வேண்டும். ஹாலில் மூன்று பேரும் மாஸ்க்கோடுதான் இருப்போம். சாப்பாடு அவருக்கு ஹாலில், எங்களுக்கு அடுக்களையில்.

நான் படித்தது ஐந்தாவது வரை. மீதியெல்லாம் பங்குக் கோவில் மாத இதழும், ஜெனோவாவின் பழைய பாடப் புத்தகங்களும் சொல்லிக் கொடுத்தவை. எழுத்துப் பிழை இருந்தால் மாதா மன்னிப்பாள்.

செப்டம்பர் 3, வெள்ளி

காலை 94, மாலை 94.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வகுப்பு. பெஞ்சுக்கு ஒரு பிள்ளை. ஜெனோவா சந்தோஷமாக வந்தாள்.

"உலகம்மை டீச்சர் கணக்கு சூப்பரா நடத்துதாங்கம்மா. மாஸ்க்கை நாடிக்கு இறக்கி விட்டுட்டுத்தான் நடத்துதாங்க."

"நாடிக்கு இறக்கி விடவா மாஸ்க்கு?"

"அப்பதாம்மா புரியுது. சோசியல் சார் மூக்கு வரைக்கும் போட்டுக்கிடுதாரு. பேசுதாரா சும்மா நிக்காரான்னே தெரியல."

கணக்குப் புரிவதற்கு வாய் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இருபது பிள்ளைகள், ஒரு டீச்சர், மூடாத மூக்கு. அங்கிருந்து வந்து என் பிள்ளை தன் அப்பாவோடு ஒரே ஹாலில் உட்காருகிறாள். மனதில் குறித்து வைத்தேன். இங்கேயும் குறித்துவிட்டேன்.

செப்டம்பர் 6, திங்கள்

காலை 93, மாலை 94.

நெத்திலி இரண்டு கூறு. பாதி குழம்பு, பாதி உப்பில். கொடியிலிருந்து துணி எடுக்கச் சொல்லி ஜெனோவாவைக் கொல்லையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏளா, காது செவிடா?" என்று தோளில் தட்டினேன். தூக்கிவாரிப் போட்டாள். புத்தகத்தை எடுத்தால் அவளுக்கு உலகம் தெரியாது. அது நல்ல பழக்கம்தான், துணி நனையாமல் இருந்தால்.

செப்டம்பர் 8, புதன்

காலை 94, மாலை 95. மாதாவின் பிறந்தநாளுக்கு அவளே கொடுத்த நம்பர்.

சேமியாப் பாயசம். பூசையை போனில் பார்த்தோம். சாயங்காலம் வீட்டில் ஜெபம். நானும் இவரும் மாதா சுரூபத்தைப் பார்த்து உட்கார்ந்தால், ஜெனோவா மட்டும் சுவரோரமாக உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு மூன்று வருஷமாக இதே வழக்கம். இன்றைக்கு விடவில்லை. "மாதா அங்க இருக்கா, என் மூஞ்சியில இல்ல" என்றேன். திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு மாஸ்க்குக்குள் சொன்னாளோ என்னவோ, சத்தமே வரவில்லை.

செப்டம்பர் 15, புதன்

94, 94.

ரசம் கொதிக்கும்போது ஹாலைப் பார்த்து, "ஏளா, மிளகு எடுத்துட்டு வா" என்றேன். பீடத்தில் இருந்த குத்துவிளக்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். இவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "செவிட்டு மூதி, ரசத்துல விளக்கையா போடச் சொன்னேன்?" என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கொல்லைக்குப் போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை.

விளக்கை மறுபடி துடைத்து வைத்தேன். எண்ணெய் சிந்தவில்லை.

செப்டம்பர் 18, சனி

94, 93.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மைதானத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை சிஸ்டர் அமலோற்பவம் பேசினார். மாஸ்க் விஷயத்தில் யாருக்காவது சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லலாம் என்றார்.

முதலில் எழுந்தவர் ஐஸ் கம்பெனி கொரேரா. அவர் மகள் ஒன்பதாவது. "சிஸ்டர், இந்த வெக்கையில ஏழு மணி நேரம் பிள்ளை வாயைக் கட்டிப் போட்டா எப்பிடி? மூச்சு முட்டுதுங்கா. ஆத்துமா போனா மாஸ்க் போட்டா திரும்பி வரும்? வகுப்புல எடுத்துர வேண்டியதுதான." நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் எழுந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் பத்தொன்பது நாள் படுத்திருந்ததைச் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் மூன்று பேர் மாறியதைச் சொன்னேன். "உங்க பிள்ளைக்கு மூச்சு முட்டுது. எங்க வீட்ல முட்டுனா திரும்ப வராது" என்றேன். கொரேரா உட்கார்ந்துவிட்டார். அதோடு நானும் உட்கார்ந்திருக்கலாம்.

"பிள்ளைங்க ஒழுங்காத்தான் போடுதுங்க சிஸ்டர். கணக்கு டீச்சர்தான் இறக்கி விட்டுட்டு நடத்துதாங்க" என்றேன்.

உலகம்மை டீச்சர் ஆசிரியர்கள் வரிசையில் இரண்டாவதாக இருந்தார். எழுந்து, "தப்பு என் பேர்லதான். பின்வரிசைக்குச் சத்தம் போகலன்னு இறக்கினேன். இனிமே செய்ய மாட்டேன், சிஸ்டர்" என்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. மாஸ்க் போட்டிருந்ததால் சரியாகவும் தெரியவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "சரியாத்தான் பேசியிருக்க, மெட்டி" என்றார். என் பேர் மெட்டில்டா. சந்தோஷமாக இருக்கும்போதுதான் மெட்டி என்பார்.

ஜெனோவா, "யாரும்மா உன்னப் பேசச் சொன்னது?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 20, திங்கள்

94, 94. ஜெனோவா இரண்டு நாளாகப் பேசவில்லை. மாஸ்க் ஒன்றில் காதுவார் அறுந்தது. தைத்தேன்.

செப்டம்பர் 28, செவ்வாய்

95, 94.

கணக்கில் வாரத் தேர்வு. இருபத்தைந்துக்கு மூன்று.

ஊரடங்கில் போனில் படித்தபோது இருபத்துநாலுக்குக் கீழே வாங்கியதே கிடையாது. அப்போது போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டி, தெருவே கணக்குப் படிக்கிற மாதிரி படிப்பாள். "குறைச்சு வை" என்று நான்தான் சண்டை போடுவேன். இப்போது டீச்சர் நேரில் நின்று நடத்தியும் மூன்று.

"வகுப்புல என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"

செவிடு மாதிரி நின்றாள்.

"பப்ளிக் பரீட்சையில இப்பிடி வாங்குனா என்ன செய்ய?"

"எழுதல" என்றாள். "பத்தாவதோட நின்னுக்கிடுதேன்."

இவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மருந்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று ஐந்தாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளை இது.

அக்டோபர் 1, வெள்ளி

94, 94. ஜெபமாலை மாதம் தொடக்கம். தினமும் ஏழு மணிக்கு வீட்டில். பீடத்துக்குச் செவ்வந்தி.

அக்டோபர் 4, திங்கள்

94, 93.

ஜெபமாலையில் முதலில் மூன்று மணி, பிறகு பத்துப் பத்து மணியாக ஐந்து கண்ணி; மணிக்கு ஒரு ஜெபம். நான் முன்பாதி சொல்ல, அவர்கள் பின்பாதி சொல்ல வேண்டும். பத்து முடிந்ததும் நான் அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டேன். ஜெனோவா மட்டும் தனியாகப் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பதினோராவது மணி! ஒரு தடவை என்றால் தூக்கம் என்று விடலாம். ஐந்து கண்ணியில் மூன்றில் இப்படி. கணக்கில் தவறு வந்தால் எனக்குத் தாங்காது, அதுவும் மாதாவின் கணக்கில்.

பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டினேன். "செவிட்டுக்குச் சொல்லுத ஜெபமா இது?" என்று கேட்டேன். இவர், "ஜெப நேரத்துல என்ன பேச்சு இது" என்று என்னைத்தான் அடக்கினார்.

எனக்கும் மனது சரியில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னோம்.

அக்டோபர் 9, சனி

காலை 94. மாலை பார்க்கவில்லை. மே மாதத்துக்குப் பிறகு மறந்தது இதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு உலகம்மை டீச்சர் வந்தார். நான் கொல்லையில் மாஸ்க் அலசிக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே தெருவிலேயே நின்றுகொண்டார். "உள்ள வரல, ஜெனோவாம்மா. சார் உடம்புக்கு ஆகாது" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இவர் ஹாலில் நாற்காலியில் இருந்தார். ஜெனோவா நிலைப்படியில் வந்து நின்றாள்.

டீச்சர் ஒரு தேர்வுத் தாளை நீட்டினார். ஜெனோவாவுடையது. இருபத்தைந்துக்கு சைபர்.

"நீங்க கணக்குப் பாப்பீங்கன்னு ஜெனோவா சொல்லியிருக்கா. இதப் பாருங்க."

பார்த்தேன். முதல் கேள்வி: 'முதல் உறுப்பு ஏழு, பொது வித்தியாசம் நூறு, பத்தாவது உறுப்பு என்ன?' விடை 907 என்று எழுதியிருந்தாள். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. டீச்சர் சொல்லித்தந்தார்: முதலில் ஏழு, அதோடு நூறு நூறாக ஒன்பது தடவை கூட்ட வேண்டும். விரலில் கூட்டினேன். 907தான்.

"சரியாத்தான இருக்கு?"

"சரிதான். ஆனா நான் வாசிச்சது நூறு இல்ல, ஆறு. அஞ்சு கேள்வி வாசிச்சேன். அஞ்சுக்கும் இவ போட்டது ரைட்டு. அஞ்சும் நான் கேட்ட கேள்வி இல்ல. போன தேர்வுலயும் இதான் நடந்திருக்கு. நான்தான் விடைய மட்டும் பாத்து மார்க் போட்டுட்டேன். கணக்கு சரி, கேள்வி தப்பு."

கவனமில்லாமல் எழுதியிருக்கிறாள் என்றேன்.

டீச்சர் தெருவில் இன்னும் பின்னால் தள்ளிப் போய் நின்றார். பிறகு, "ஜெனோவாம்மா, பத்தடி தள்ளித்தான் நிக்கேன். தெருவுல காத்து இருக்கு. ஒரு நிமிஷம் மாஸ்க்கை இறக்கட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

தலையசைத்தேன்.

மாஸ்க்கை நாடிக்கு இறக்கினார். ஜெனோவாவைப் பார்த்தார். நான் அவர் என்ன கேட்கப் போகிறார் என்று நின்றேன். தெருவில் அப்போது சத்தமே இல்லை, எதிர்வீட்டுக் கோழி மட்டும்தான்.

ஜெனோவா, "அறுபத்தெட்டு, டீச்சர்" என்றாள்.

உள்ளேயிருந்து இவர் கேட்டார்: "டீச்சர் என்ன கேட்டாங்க?"

"பதினேழை நாலால பெருக்குனா என்னன்னு கேட்டேன், சார்" என்றார் டீச்சர். இந்தத் தடவை சத்தத்தோடு. "மொதல்ல கேட்டப்ப சத்தம் விடல. வாயை மட்டும்தான் அசைச்சேன்."

பிறகு மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டு, "பதிமூணை அஞ்சால பெருக்குனா, ஜெனோவா?" என்று கேட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது. ஜெனோவா டீச்சரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி என் மாஸ்க்கைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"பின்வரிசைக்குக் கேக்கணும்னுதான் நான் இறக்கினேன்" என்றார் டீச்சர். "முன்வரிசையில இருக்க இவளுக்குன்னு எனக்கே தெரியாது."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காப்பி கூடக் கொடுக்கவில்லை என்பது அவர் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 10, ஞாயிறு

94, 94.

ஜெனோவாவைக் கொல்லைப்படியில் எதிரே உட்கார வைத்து, தள்ளி உட்கார்ந்து, என் மாஸ்க்கை எடுத்துவிட்டுக் கேட்டேன். சொன்னாள்.

ஏழாவது படிக்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்ததே, அதற்குப் பிறகு இடது காதில் ஒன்றுமில்லை. வலது காதில் இருக்கிறது, ஆனால் மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி. வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். போனில் டீச்சர்கள் முகம் பக்கத்தில் இருந்தது.

"ஏன்ளா சொல்லல?"

"சொன்னா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருவீங்க. காது கேக்காத பிள்ளைங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குமே, அதுக்கு." பிறகு, "நீ வேற எப்பவும் செவிடு செவிடும்ப. நிஜம்னு தெரிஞ்சா என்ன சொல்லுவியோன்னு" என்றாள்.

பெட்டியிலிருந்து 2018 நோட்டை எடுத்துப் பார்த்தேன். நவம்பரில் இருக்கிறது: 'ஜெனோவாவுக்குப் பொன்னுக்கு வீங்கி. வேப்பிலை, மஞ்சள். மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள். சரியாயிற்று.'

சரியாயிற்று என்று நானே எழுதியிருக்கிறேன். அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

பிறகு இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். அவளுக்கு அந்த வார்த்தையை நான் எழுதியது நான்கு இடம். எழுதாமல் விட்டதற்குக் கணக்கு இல்லை.

அக்டோபர் 13, புதன்

94, 95.

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்தேன். மிஷினில் விளக்கு எரிகிறது, எரிகிறது, அவள் கை அசையவில்லை.

இடது காது போனது போனதுதான். வலதுக்கு மிஷின் வைக்கலாம். அளவெடுத்து வர இரண்டு மூன்று மாதமாகும். டாக்டர், "மூணு வருஷமா வாயைப் பாத்தே சமாளிச்சிருக்கா. கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். அவரும் மாஸ்க் போட்டிருந்தார். ஜெனோவா என்னைப் பார்த்தாள். பேருந்து நிலையத்தில் ஓரமாக நின்று என் மாஸ்க்கை இறக்கி, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். 'கெட்டிக்காரப் பிள்ளை'யை இரண்டு தடவை சொன்னேன்.

அக்டோபர் 15, வெள்ளி

93, 93.

பப்ளிக் பரீட்சைக்கு ஆறேழு மாதம்தான் இருக்கிறது. மிஷின் வருகிற வரைக்கும் வகுப்பில் அவளுக்கு ஒன்றும் ஏறாது. டீச்சர்கள் மாஸ்க்கை இறக்கினால் ஏறும். இறக்கக் கூடாது என்று எழுந்து நின்று சொன்னது நான்.

சாப்பிட்டு முடித்த பிறகு இவரிடம் கேட்டேன்.

"போய் இறக்கச் சொல்லு" என்றார்.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் பின்னறைக்குப் போயிருதேன். சன்னல் இருக்கு. சாப்பாட்டைக் கதவுகிட்ட வச்சிரு."

"எத்தன நாளைக்கு?"

"ஆஸ்பத்திரியில பத்தொன்பது நாள் யார் மூஞ்சியையும் பாக்காமக் கிடந்தேன், மெட்டில்டா. எல்லாருக்கும் கவசம், கண்ணு மட்டும்தான். யாரு நர்ஸு, யாரு டாக்டர்னு தெரியாது. என்ன சொல்லுதாங்கன்னு பாதி விளங்காது. இவ மூணு வருஷமா அப்பிடி இருந்திருக்கா."

மெட்டி என்று சொல்லவில்லை. 93 என்கிற நம்பரை அவரிடம் காட்டவில்லை.

அக்டோபர் 19, செவ்வாய்

94, 94.

நோட்டுக்கு அட்டை போடும் தடித்த கண்ணாடித்தாள் வீட்டில் கிடந்தது. மாஸ்க்கின் நடுவே வாய் இருக்கும் இடத்தில் துணியை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் தாளை வைத்து நாலு ஓரமும் தைத்தேன். பக்கவாட்டில் துணி இருப்பதால் மூச்சு விடலாம். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். வாய் தெரிந்தது. பேசிப் பார்த்தேன். இரண்டாம் கண்ணி ஜெபமாலை முடிவதற்குள் ஆவி படிந்து வாய் மறைந்துவிட்டது.

இவர் பின்னறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஹெல்மெட்டுக்கு மழையில நான் என்ன செய்வேன்? உள்பக்கம் குளிக்கிற சோப்பைத் தண்ணி தொடாமத் தேய்ச்சு, துணியால துடைச்சுப் பாரு" என்றார்.

தேய்த்துத் துடைத்தேன். மறுபடி ஜெபமாலை. ஒரு மாலைக்கு இருபது நிமிஷம். இரண்டு மாலை முழுதாகத் தாங்கியது. ஒரு பீரியட் நாற்பது நிமிஷம்.

ஜெனோவாவைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்தேன். சத்தம் விடாமல், "மிளகு எடுத்துட்டு வா" என்றேன்.

மிளகு டப்பாவைக் கொண்டுவந்தாள். "இந்தா, விளக்கு" என்று நீட்டினாள். இருவரும் சிரித்தோம். இந்த மூன்று வாரத்தில் இன்றுதான் சிரித்திருக்கிறாள்.

அக்டோபர் 22, வெள்ளி

94, 94. ஐந்து பாட டீச்சர்களுக்கும் ஆளுக்கு இரண்டு. பத்து தைத்து முடித்தேன். நாளைக்குக் கூட்டம். என்ன சொல்லலாம் என்று ஜெனோவாவிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, "சொல்லு. எல்லாருக்கும் தெரியட்டும். ஆனா அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்" என்றாள்.

அக்டோபர் 23, சனி

95, 94.

அதே வேப்பமரம், அதே நாற்காலி. கையில் துணிப்பையில் பத்து மாஸ்க். பேச எழுந்தேன்.

"போன மாசம் இதே இடத்துல நான் உலகம்மை டீச்சர் மேல புகார் சொன்னேன். அதத் திரும்ப வாங்கிக்கிடுதேன். என் மகளுக்குக் காது சரியாக் கேக்காது. வாயைப் பாத்துத்தான் படிக்கா. மூணு வருஷம் கூட இருந்தும் எனக்கே தெரியல. அந்த ஒரு டீச்சர் வாய்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. அதையும் நான்தான் மூடினேன்."

கொரேரா உட்கார்ந்தபடியே, "அன்னைக்குப் போடணும்னீங்க. இன்னைக்கு எடுக்கணுங்கீங்க. நீங்க எந்தப் பக்கம்மா?" என்றார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள்.

"ரெண்டு பக்கமும் என் வீட்லதான் இருக்கு, அண்ணாச்சி" என்றேன். "ஒரு பக்கம் நுரையீரல், ஒரு பக்கம் காது. நான் எங்க போய் நிக்க?"

பின்னாலிருந்து ஒரு அம்மா, "அதுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்குல்லா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் இதற்குத்தானே பிள்ளை மூன்று வருஷம் பயந்தாள்.

உலகம்மை டீச்சர் எழுந்தார். "நான் கேட்காத அஞ்சு கேள்விக்கு அஞ்சு ரைட்டு போட்ட பிள்ளை, சிஸ்டர். கேள்வியைக் கொண்டுபோய்ச் சேக்க வேண்டியது நம்ம வேலை. அவ இந்தப் பள்ளிக்கூடத்துலதான் பரீட்சை எழுதணும்" என்றார்.

பையைத் திறந்து மாஸ்க்கை எடுத்துக் காட்டி, சோப்பு தேய்க்கும் விதத்தையும் சொன்னேன். சிஸ்டர் அமலோற்பவம் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தான் போட்டிருந்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். அவருக்கு முன்பல்லில் ஒரு இடைவெளி இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். சிரிப்பு முழுசாகத் தெரிந்தது.

முடிவு இது: பிள்ளைகள் மாஸ்க் போட்டே இருக்க வேண்டும். பாடம் நடத்துகிறவர் இந்தச் சன்னல் மாஸ்க்கைப் போட வேண்டும். வகுப்பு சன்னல்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். தேர்வுக் கேள்விகளைப் போர்டில் எழுத வேண்டும். ஜெனோவா முதல் பெஞ்சில் நடுவில்.

கொரேரா வெளியே வரும்போது, "சோப்புதான் தேய்க்கணுமா? எந்த சோப்புனாலும் ஆகுமா?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

அக்டோபர் 27, புதன்

94, 94.

டீச்சர்களுக்கு மீன்தொட்டி என்று பிள்ளைகள் பேர் வைத்திருக்கிறார்களாம். சோசியல் சார் திங்கட்கிழமை போட்டுவிட்டு, மீசையில் உரசுகிறது என்று இன்று பழையதைப் போட்டு வந்தாராம். "அடுத்த வகுப்புல கேட்டுப் பாக்கேன்" என்றாள் ஜெனோவா. அவளே கேட்பாளாம்.

கணக்கில் இருபத்திரண்டு. மூன்று மார்க் போனது ஒரு கூட்டலில். "இது என் தப்புதாம்மா" என்று பெருமையாகச் சொன்னாள்.

இவர் பின்னறையிலேயே இருக்கிறார். ஜெபத்துக்கு மட்டும் வாசல் கதவோரம் வந்து உட்காருகிறார்.

அக்டோபர் 31, ஞாயிறு

காலை 95, மாலை 95.

ஜெபமாலை மாதம் இன்றோடு முடிந்தது. பீடத்துக்கு மல்லிகை இரண்டு முழம். சன்னல், கதவு எல்லாம் திறந்து வைத்தேன். இவர் கதவோரம், மாஸ்க்கோடு. ஜெனோவா சுவரோரம், மாஸ்க்கோடு. அவள் வாய் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. என் வாய்தான் அவளுக்குத் தெரிய வேண்டும். அதனால் நான் மட்டும் மாஸ்க்கை எடுத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மாதாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். முதுகு சுட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஜெனோவா என் வாயைப் பார்த்துப் பின்பாதி சொன்னாள். மாஸ்க்குக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நல்ல கனமான குரல். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனேன். நாலாம் கண்ணியில் அவள் சட்டென்று கையைத் தூக்கினாள்.

"அம்மா, பத்து ஆச்சு. நீ பதினொண்ணு சொல்லுத."

விரலைப் பார்த்தேன். மணி நகர்ந்திருந்தது. கதவோரத்திலிருந்து இவர், "மெட்டி, கணக்கு விட்டுட்டியே" என்றார்.

ஜெபமாலைக் கணக்கு, அக்டோபர் 31: ஐம்பத்துமூன்று மணிக்குப் பதில் ஐம்பத்துநான்கு. கூடுதல் ஒன்று. தப்பு என்னுடையது. திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.